தைத்த நாளத்தில் இரத்தம் ஓடுகிறதா?

பேராதனையில் தொடங்கி, பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே சென்று, ஹிந்தகலையைக் கடந்து, ஹந்தானை மலைத்தொடரை ஒட்டி மேலேறிச் செல்லும் பாதைக்குக் கலஹா வீதி என்று பெயர். இலங்கைத் தேயிலையின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் இந்தப் பிரதேசத்தை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. ஏனெனில் கலஹாவுக்கு அப்பால் உள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 1867ஆம் ஆண்டில், 19 ஏக்கர் நிலத்தில், வர்த்தக நோக்கத்துடன் இந்நாட்டின் முதல் தேயிலைப் பயிரை இட்டார். அதே மனிதர் அதே மலைச்சரிவில் சிங்கோனா மரத்தையும் வளர்த்தார் என்பதும், அதன் பட்டையிலிருந்தே குளிர்காய்ச்சலைத் தணிக்கும் கொயினா மருந்து எடுக்கப்பட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேயிலைக்கும் வைத்தியத்திற்கும் இந்த மலையில் தொடர்பு ஏற்பட்டது இன்று நேற்றல்ல.

ஆயினும் மருந்துப்பட்டையை வளர்த்த மண்ணில் வைத்திய வசதி வளர்ந்ததா என்று கேட்டால், தயங்கித் தயங்கியே வளர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கண்டிச்சீமைக்கு நடந்துவந்து காடு வெட்டிய மக்கள் வழியிலும் லயத்திலும் நோய்வாய்ப்பட்டு மாண்டது போக, எஞ்சியவர்களின் தேகநலனைப் பேணுவதற்கென 1872இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகளில் வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் ஏற்படுவதற்கு அச்சட்டமே ஆதாரமாயிற்று. அக்காலத்துத் தோட்டத்து மருந்துக்காரரிடம் நோயைக் கண்டறியக் கையும் கண்ணும் காதுமே பிரதான கருவிகளாக இருந்தன. உடம்பின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை ஊகிக்கலாமேயன்றிக் காண இயலாது. லூல்கந்துரவின் துரையாகிய டெய்லரே 1892இல் வயிற்றுக்கடுப்பு நோயால் மரணமடைந்தார் என்பதையும், அவருடைய பிரேதத்தைத் தொழிலாளர்கள் கண்டி மகியாவை மயானம்வரை சுமந்து சென்றார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், துரைக்கும் தொழிலாளிக்கும் அந்த அறியாமை பொதுவாகவே இருந்தது என்பது விளங்கும்.

அவர் இறந்து மூன்றாண்டுகள் கழிந்து, 1895இல், ஜெர்மனியில் ரோண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, ஆனால் இரத்த நாளம் தெரியவில்லை. எலும்பைக் காண்பதிலிருந்து நாளத்தைக் காண்பதற்கும், நோயாளியைத் துன்புறுத்தி நாளத்தைக் காண்பதிலிருந்து துன்புறுத்தாமல் காண்பதற்கும் மனித அறிவு கடந்துவந்த பாதை மிக நீண்டது. அந்தப் பாதையின் சரித்திரத்தையே, அதிலும் மூளையில் மாற்றுநாளம் பொருத்தும் சத்திரசிகிச்சைக்குப் பின் அந்த நாளம் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கலையின் சரித்திரத்தையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மனித மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ளது. ஆயினும் உடம்பு உபயோகிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு நாடிகள் அதற்கு இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. இவற்றில் ஒன்றோ, இவற்றின் கிளையொன்றோ அடைபட்டு, வேறு வழியாலும் இரத்தம் போய்ச்சேராவிட்டால், அந்தப் பகுதியின் உயிரணுக்கள் சில நிமிஷங்களிலேயே சேதமடையத் தொடங்கிப் பாரிசவாதம் உண்டாகிறது. லயத்துப் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கான் மண்சரிந்து அடைபட்டால், பக்கத்து ஓடையிலிருந்து புதுக்கான் ஒன்று வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவதைப்போல, மண்டையோட்டுக்கு வெளியே தலைத்தோலுக்கு இரத்தம் கொடுக்கும் நாடியொன்றைத் திருப்பி, உள்ளே மூளையின் நாடியொன்றுடன் இணைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வைத்தியர்களுக்குத் தோன்றியது இயல்பே. 1951இலேயே மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் நிபுணர், கழுத்து நாடி அடைபட்டவர்களுக்கு இத்தகைய சிகிச்சை என்றேனும் ஒருநாள் கைகூடும் என்று எழுதினார்.

கைகூடுவதற்கு இரண்டு வித்தைகள் தேவைப்பட்டன. முதலாவது, நாளத்தோடு நாளத்தைத் தைக்கும் வித்தை. இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், பூவேலை செய்யும் பெண்ணொருத்தியிடம் நுண்ணிய தையலைப் பயின்ற அலெக்சிஸ் கரெல் வகுத்தளித்து, 1912இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாவது, மிகச் சிறிய நாளத்தையும் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சத்திரசிகிச்சை செய்யும் வித்தை. இது 1960இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஜேக்கப்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. அங்கே டொனகி என்ற நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சென்று பயின்ற துருக்கியரான காசி யாசர்கில், சூரிச் நகருக்குத் திரும்பி, 1967 ஒக்டோபர் 30ஆம் தேதி, காதுக்கு முன்னால் ஓடும் தலைத்தோல் நாடியை மூளையின் நடுநாடிக் கிளையுடன் இணைத்தார். மறுநாளே டொனகியும் வெர்மொன்டில் அதையே செய்தார். லூல்கந்துரவில் முதல் தேயிலை பயிரான நூறாவது ஆண்டு அது.

இணைக்கப்படும் நாளத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைத் தைக்கும் நூல் தலைமயிரைவிட மெல்லியது. அந்த ஒரு மில்லிமீட்டர் வாயைச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு தையல்கள் போடவேண்டும். ஒரு தையல் எதிர்ச்சுவரைக் கவ்விப் பிடித்தாலும், உட்சுவரில் சிறிதளவு இரத்தம் உறைந்தாலும், நாடி முறுகினாலும், செய்த அத்தனையும் வீண். ஆகவே, மண்டையோட்டை மூடித் தோலைத் தைத்து நோயாளியைக் கட்டிலில் கிடத்தியபின், வைத்தியர் மனத்தில் எழும் முதற்கேள்வி, தைத்த நாளத்தில் இரத்தம் ஓடுகிறதா என்பதுதான். அந்தக் கேள்வி அன்றோடு தீர்வதுமில்லை. அடுத்த வாரமும், ஆறு மாதம் கழித்தும், பல ஆண்டுகள் சென்ற பின்பும் அது திரும்பத் திரும்பக் கேட்கப்படவேண்டியதாக இருக்கிறது.

மிகப் பழைய கருவியாகிய விரல் அதற்கு ஓரளவு விடை சொல்லும். காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே விரலை வைத்தால் திருப்பிவிடப்பட்ட நாடியின் துடிப்பு தட்டுப்படும். ஆனால் நாடி துடிப்பது வேறு, அந்த இரத்தம் மூளைக்குள் செல்வது வேறு. உள்ளே சென்றதைக் கண்ணால் காண்பதற்கு அக்காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. அதை வகுத்தவர் போர்த்துக்கல் தேசத்து எகாஸ் மோனிஸ்.

மோனிஸ் நரம்பியல் வைத்தியர். அரசியலிலும் ஈடுபட்டு வெளிநாட்டு மந்திரியாகவும் இருந்தவர். எக்ஸ்ரே கதிரை மறைக்கும் திரவமொன்றைக் கழுத்து நாடியில் செலுத்தி, அது மூளைக்குள் பரவும் கணத்தில் படமெடுத்தால் நாளங்கள் புலப்படும் என்று அவர் கருதினார். வாத நோயால் அவருடைய கைகள் கோணியிருந்தமையால், ஊசியைச் செலுத்தும் பணியை அல்மேய்தா லீமா என்ற இளம் வைத்தியர் மேற்கொண்டார். முதலில் கையாண்ட திரவத்தால் நோயாளி ஒருவர் இறக்க நேர்ந்தது. பின்னர் அயடின் சேர்ந்த உப்பின் கரைசலைப் பயன்படுத்தி, 1927 ஜூன் 28ஆம் தேதி, உயிருள்ள மனிதரின் மூளை நாளங்களை முதன்முதலாகப் படத்தில் பதித்தார்கள். அஞ்சியோகிராம் என்று இன்று யாவரும் சொல்லும் பரிசோதனை மூளையைப் பொறுத்தவரை அன்று பிறந்தது. மோனிஸுக்கு 1949இல் கிடைத்த நோபல் பரிசு இதற்காக அல்ல, பிற்காலத்தில் பெரும் கண்டனத்துக்கு உள்ளான மனநோய்ச் சத்திரசிகிச்சை ஒன்றுக்காக என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

அந்தப் பரிசோதனைக்கு நோயாளிகள் கொடுத்த விலை சாதாரணமானதன்று. கழுத்தைக் கீறி நாடியை வெளிப்படுத்த வேண்டியிருந்தது. திரவம் பாயும்போது தலை முழுவதும் எரிந்தது. எரிச்சலின்றி அழகான படம் தருகிறதென்று 1930 முதல் பல தேசங்களிலும் பயன்படுத்தப்பட்ட தோரோட்ராஸ்ட் என்னும் திரவத்தில் இருந்த தோரியம், ஈரலிலும் மண்ணீரலிலும் நிலையாகத் தங்கிக் கதிர்வீசியது; அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். படமெடுத்து இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஈரல் புற்றுநோயால் மாண்டவர்கள் பலர். 1953இல் சுவீடன் தேசத்து செல்டிங்கர் கூரிய ஊசி, மெல்லிய கம்பி, மிருதுவான குழாய் மூன்றையும் கொண்டு, கீறாமலே நாடிக்குள் புகும் யுக்தியைக் கண்டபின் அபாயம் பெரிதும் குறைந்தது. ஆயினும், கவட்டில் குத்தி, குழாயை நெஞ்சு கடந்து கழுத்துவரை செலுத்தி, பின்னர் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, காலை அசைக்காமல் பல மணி நேரம் மல்லாந்து கிடக்கவேண்டிய பரிசோதனை அது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே என்றாலும், பார்க்கப் போன இடத்திலேயே பாரிசவாதம் உண்டாகும் சாத்தியமும் அதில் இருந்தது. ஒருமுறை சகிக்கலாம்; ஆண்டுதோறும் சகிக்கச் சொல்வது எப்படி?

இந்த இடத்தில்தான் உடம்பைத் துளைக்காமல் பார்க்கும் உபாயங்களின் பெருமை விளங்குகிறது. அவற்றுள் மிக எளியது ஒலியை நம்பியது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் சுருதி மாறும் என்று கிறிஸ்தியன் டொப்ளர் 1842இல் பிராக் நகரில் எடுத்துரைத்த தத்துவத்தை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜப்பானில் சதோமுரா என்பவர் இரத்த ஓட்டத்திற்குப் பிரயோகித்தார். 1982இல் ரூனே ஆஸ்லித் பொட்டெலும்பின் மெல்லிய பகுதி வழியாகவே மூளையின் நாளங்களைச் செவியுறும் முறையைக் கண்டார். மாற்றுநாளம் பொருத்தியவரைப் பரிசோதிக்கும்போது காதுக்கு முன்னால் சிறிது பசையைத் தடவிப் பேனா அளவான கருவியை வைக்கிறார்கள். தலைத்தோலுக்கு மட்டும் இரத்தம் கொடுக்கும் நாடியில் எதிர்ப்பு அதிகம். அதனால் இதயம் சுருங்கும்போது மட்டும் சட்டென்று ஓர் ஒலி எழுந்து அடங்கிவிடும், திரையிலும் கூரான சிகரமொன்று தோன்றி அடிக்கோட்டைத் தொட்டுவிடும். அதே நாடி மூளைக்கு இரத்தம் கொடுக்கத் தொடங்கியதும் சுபாவமே மாறிவிடுகிறது. மூளையின் நாளங்கள் எதிர்ப்புக் குறைந்தவை. எனவே இதயம் தளரும் வேளையிலும் இரத்தம் நிற்காமல் ஓடும், ஒலியும் ஓயாமல் நீளும், திரையில் சிகரத்திற்குப் பின்னும் கோடு தாழாமல் உயர்ந்தே நிற்கும். ஒலி மீண்டும் பழையபடி துண்டுபட்டுக் கேட்டால், தைத்த இடத்தில் கோளாறு இருக்கலாம் என்று வைத்தியர் எச்சரிக்கையாகிறார். ஊசியில்லை, கதிரில்லை, வலியில்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. பார்ப்பவரின் கைத்திறமையைப் பெரிதும் சார்ந்தது என்பதும், முதியோர் சிலருடைய பொட்டெலும்பு தடித்து அலையை உள்ளே விடாது என்பதும் இதன் குறைகள்.

இரண்டாவது உபாயம் சி.டி. ஸ்கேன். கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் வகுத்த கருவியால் 1971 ஒக்டோபர் 1ஆம் தேதி இங்கிலாந்தின் விம்பிள்டனில் நோயாளி ஒருவரின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. 1990ஐ ஒட்டிச் சுருள்வடிவில் இடைவிடாது படமெடுக்கும் இயந்திரங்கள் வந்தபின், கையிலுள்ள சிரையில் அயடின் மருந்தைச் செலுத்தி, அது மூளையைக் கடக்கும் சில விநாடிகளுக்குள் நாளங்கள் அனைத்தையும் பிடித்துவிடுவது சாத்தியமாயிற்று. தைத்த நாளம் எலும்பின் துவாரம் வழியே உள்ளே நுழைவதையும், அது ஒடுங்கியிருக்கிறதா என்பதையும் இதில் தெளிவாகக் காணலாம். எனினும் கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அயடின் ஒவ்வாதவர்களுக்கும் கவனம் வேண்டும்.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சு இல்லை. பல சந்தர்ப்பங்களில் மருந்து ஊசியும் வேண்டியதில்லை. வலிய காந்தத்தினுள் ஒரு பகுதியை ரேடியோ அலைகளால் மீண்டும் மீண்டும் தூண்டினால், அங்கே அசையாமல் இருக்கும் திசுக்கள் சோர்ந்து மங்கலாகிவிடும். வெளியிலிருந்து புதிதாக உள்ளே நுழையும் இரத்தம் மட்டும் சோர்வடையாமல் பிரகாசிக்கும். ஓடுகிற காரணத்தாலேயே இரத்தம் தன்னைத்தான் காட்டிக்கொள்கிறது என்பது இந்த முறையின் அற்புதம். இன்னொரு முறையால் ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லிலீட்டர் இரத்தம் மாற்றுநாளத்தில் செல்கிறது என்பதையும் அளக்கலாம். ஆனால் ஓட்டம் மிக மந்தமானால் திறந்த நாளமும் அடைபட்டதுபோல் தோன்றும். சத்திரசிகிச்சையின்போது வைத்த உலோகக் கிளிப்புக்கு அருகில் படம் மறைந்துபோகும். எனவே ஒரு படத்தில் காணவில்லை என்பதற்காக நாளம் மூடிவிட்டது என்று அனுபவசாலிகள் தீர்ப்புச் சொல்வதில்லை; ஒலியையும் கேட்டு, தேவையானால் சி.டி. படத்தையும் பார்த்து, ஐயம் தீராவிட்டால் மாத்திரமே பழைய குழாய்ப் பரிசோதனைக்குச் செல்கிறார்கள்.

நாளம் திறந்திருப்பதே ஆரோக்கியம் என்று எண்ணிவிடவும் கூடாது என்பதைச் சரித்திரம் கடுமையாகவே கற்பித்தது. 1985இல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வொன்றில் 1,377 நோயாளிகள் பங்குகொண்டனர். சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மாற்றுநாளம் திறந்தே இருந்தது. இருந்தும், சிகிச்சை பெறாதவர்களைவிட அவர்களுக்குப் பாரிசவாதம் குறையவில்லை. இரத்தம் உண்மையிலேயே பற்றாதவர்களை நுட்பமான படங்களால் தேர்ந்தெடுத்து நடத்திய மற்றோர் ஆய்வும் 2011இல் அதையே சொன்னது. அதன் பலனாக, கழுத்து நாடி அடைபட்ட அனைவருக்கும் இந்தச் சிகிச்சை செய்யும் வழக்கம் நின்றது. தையற்காரரின் வெற்றி வேறு, நோயாளியின் வெற்றி வேறு என்று தம் தொழிலைப் பற்றித் தாமே ஆராய்ந்து ஒப்புக்கொண்ட நேர்மைக்காக அந்த வைத்தியர்களைப் போற்றவேண்டும்.

சிகிச்சை முற்றிலும் கைவிடப்படவில்லை. உரிய இடத்தில் நிலைபெற்றது. மூளையின் அடியிலுள்ள பெருநாளங்கள் படிப்படியாக ஒடுங்கி, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய நாளங்களின் திரள் ஒன்று முளைக்கும் மோயாமோயா என்னும் நோயை ஜப்பானின் சுசுகியும் தகாகுவும் 1969இல் விவரித்தார்கள். பெரியவர்களுக்கு மட்டுமன்றிச் சிறு குழந்தைகளுக்கும் வரும் நோய் அது. குழந்தைகளின் நாளம் தைப்பதற்கே இயலாத அளவு சிறிதாக இருக்கும்போது, தலைத்தோல் நாடியை வெட்டாமல் மூளையின் மேற்பரப்பில் படியவைத்துவிட்டால், மாதக்கணக்கில் அதிலிருந்து புதிய நாளங்கள் தாமாகவே முளைத்து உள்ளே இறங்குகின்றன. எத்தனை முளைத்தன, எதுவரை சென்றன என்பதை ஆண்டுகள் பலவும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் மயக்கமருந்து கொடுத்துக் கவட்டில் குழாய் செலுத்தி ஒரு குழந்தையைப் பரிசோதிப்பது மனம் ஒப்பாத காரியம். வலியில்லாத படத்தின் முழு மதிப்பும் இங்கேதான் புலனாகிறது: அது திரும்பச் செய்யத்தக்கது. திரும்பச் செய்யத்தக்க பரிசோதனையே நோயாளியின் கூடவே வாழும் பரிசோதனை.

நம் பக்கத்துச் சரித்திரமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் மூளைச் சத்திரசிகிச்சைத் துறைகளைத் தொடங்கினார்கள். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. 1962இல் அங்கே நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் தோன்றியது. இன்று அதே பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபர்களுக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்துப் பெட்டிகளும் தேயிலைப் பெட்டிகளும் இறங்கிய கலஹா வீதி, நோயாளிகளைப் பேராதனைக்கும் கண்டிக்கும் இறக்கிச் செல்லும் பாதையாகிவிட்டது. சத்திரசிகிச்சை எந்தப் பட்டினத்தில் நடந்தாலும் நோயாளி திரும்பி வருவது தன் லயத்துக்கே. அவருடைய மாற்றுநாளம் அடுத்த இருபதாண்டுகள் துடிக்கவேண்டியதும் அந்த மலையிலேதான்.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பரிசோதனைக்காகப் படுக்கவேண்டிய இரண்டு நாளும், துணைக்கு வருபவரின் இரண்டு நாளும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் நான்கு பேர் போய்விடுகிறது. பட்டினத்தில் இருப்பவருக்கு வலியில்லாத பரிசோதனை ஒரு சௌகரியம்; கலஹாவில் இருப்பவருக்கோ அது பரிசோதனை நடப்பதற்கும் நடக்காமலே போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம். காலையில் பஸ் ஏறி, டொப்ளர் பார்த்து, மாலையில் வீடு திரும்பலாம் என்றால் அவர் வருவார். இல்லையென்றால் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார், அந்த அடுத்த முறை வராமலே போகலாம்.

ஆதலால் அதிகாரம் உடையோரிடம் கேட்கவேண்டியது பெரிய காந்த இயந்திரத்தை மலைதோறும் வைக்கும்படி அல்ல. கையில் பிடிக்கும் டொப்ளர் கருவியும், அதைப் பழுதறக் கையாளப் பயின்றவர் ஒருவரும், ஐயமான நோயாளியைத் தாமதமின்றிக் கண்டிக்கு அனுப்பும் ஒழுங்கும் தோட்டப் பகுதி வைத்தியசாலைகளில் அமைவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. 1872இல் சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்ட கடமையின் இக்காலத்து உருவம் இதுவே.

இத்தகைய சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் சொல்லவேண்டியவை சில. கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் எறிந்துவிடாமல் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து வையுங்கள். நாளம் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது மாறியிருக்கிறதா என்று வைத்தியரால் சொல்ல முடியும். உடம்பினுள் கிளிப் வைக்கப்பட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைத் தவறாமல் தெரிவியுங்கள். தைத்த பக்கத்தில் காதுக்கு முன்னால் கண்ணாடிக் காம்போ இறுக்கிய தலைத்துண்டோ அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கிளினிக் தேதிக்காகக் காத்திராமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.